நீலத்தின் கதை – 9: கசடு என்று கழித்த செல்வம்

இதுவரை: சோழமண்டலக் கரையில் அவுரி இலையிலிருந்து எடுத்த நீலம் பழவேற்காட்டுத் துணிகளில் ஏறி மலாக்காவுக்கு வந்ததைப் பார்த்தோம். புதுச்சேரியின் நீலத் துணி செனகலில் பிசினுக்கு விலையாக நின்றதையும், 1859-60இல் வங்கத்து உழவர்கள் நீலத் தோட்ட முதலாளிகளை எதிர்த்து எழுந்ததையும் கண்டோம். அந்தப் போராட்டத்துக்குப் பிறகும் செடி சாயவில்லை. அதைச் சாய்த்தது ரைன் நதிக்கரையில் நடந்த ஒரு வேலை.

*

1897ஆம் ஆண்டு. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தை விற்பனைக்கு அனுப்பியது. அவுரிச் செடி தரும் அதே நீலம், செடியே இல்லாமல்.

அதே பத்தாண்டில்தான் மலாயாவில் பால்மரம் என்னும் ரப்பர் மரம் வணிகப் பயிராகத் தலையெடுத்தது. 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ பேராக்கின் கோலகங்சாரில் நட்டுப் பார்த்த சில கன்றுகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேடிக்கைப் பொருளாகவே நின்றிருந்தன. 1890களின் நடுவில் மலாக்காவிலும் காஜாங்கிலும் அவற்றின் வம்சம் ஏக்கர் கணக்கில் பரவத் தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெர்ணம் ஆற்றின் இரு கரைகளிலும், தஞ்சோங் மாலிம், பேராங், களும்பாங், சிலிம் ரிவர் வட்டாரமெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. தென்னாற்காடு, வடஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள்.

ஒரு கரையில் ஒரு செடி வீழ்ந்தது. மறு கரையில் ஒரு மரம் எழுந்தது. இரண்டுமே ஆய்வகத்தோடு மோதின. செடி தோற்றது; மரம் தாக்குப்பிடித்தது. ஏன் என்பதுதான் இந்த வாரத்தின் விசாரணை. ஆய்வகம் வந்ததால் அவுரி வீழ்ந்தது என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. அவுரியை வாங்கியவர்களும் ஆண்டவர்களும் அதில் நீலம் ஒன்றை மட்டுமே அளந்தார்கள்; மற்றதையெல்லாம் கசடு என்று கழித்தார்கள். அந்த ஒற்றை அளவுகோல்தான் செடியை நிராயுதபாணி ஆக்கியது என்பது என் வாதம்.

இலைக்குள் நீலம் இல்லை

அவுரி இலையைக் கசக்கினால் நீலம் வராது. இலையில் இருப்பது இண்டிகன் என்னும் நிறமற்ற பொருள். சர்க்கரையோடு பிணைந்து கிடப்பது. இலைகளைத் தொட்டி நீரில் ஊறவைத்தால், நொதிகளும் நுண்ணுயிர்களும் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. சர்க்கரை கழன்றதும் எஞ்சுவது இண்டாக்சில். நீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். அதை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று மணிக்கணக்கில் துடுப்பாலும் கையாலும் காலாலும் அடித்துக் கலக்குவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்ததும் இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் இணைந்து நீலம் பிறக்கும். அது நீரில் கரையாததால் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். நூறு கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ நீலம்கூடக் கிடைக்காது.

இந்தத் தொட்டிக்குள் நடப்பது ஒற்றைப் பாதையில் செல்லும் வேலை அல்ல. இண்டாக்சிலில் ஒரு பகுதி வேறு வழியில் திரும்பி இசாட்டின் என்ற பொருளாகும். அந்த இசாட்டின் மிச்ச இண்டாக்சிலோடு சேர்ந்தால் பிறப்பது நீலம் அல்ல, சிவப்பு. அதன் இன்றைய பெயர் இண்டிரூபின். சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு, எத்தனை நேரம் ஊறியது என்பவற்றைப் பொறுத்து இந்தச் சிவப்பின் அளவு ஏறும், இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இயற்கை நீலக்கட்டியில் இந்தச் சிவப்பையும், ஒரு பழுப்புப் பொருளையும், பசை போன்ற ஒன்றையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். பார்த்ததோடு சரி. வணிகத்தில் அவற்றுக்கு மதிப்பு எதுவும் இல்லை. அவை கட்டியில் இருந்தால் விலை குறையும்.

சென்னை மாகாணத்து நீலம் இதனால்தான் அடிபட்டது. வங்கத்திலும் பீகாரிலும் ஐரோப்பிய முதலாளிகள் பச்சை இலையைப் பெரிய தொட்டிகளில் உடனே ஊறவைத்தார்கள். தெற்கே தென்னாற்காடு, கடப்பை, நெல்லூர் பகுதிகளில் சிறு உழவர்கள் இலையை வெயிலில் உலர்த்திச் சேமித்து, வசதிப்பட்டபோது ஊறவைத்தார்கள். முதலாளியின் தொட்டிக்குக் காத்திராமல், கடன் பிடிக்குள் முழுதாகச் சிக்காமல் சிறு குடியானவரும் நீலம் எடுக்க அந்த முறை இடம் தந்தது. ஆனால் கட்டியில் நீலத்தின் விகிதம் குறைவு. லண்டன் சந்தையில் விலையும் குறைவு. அந்தக் கட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன, அவை எதற்குப் பயன்படும் என்று வாங்கியவர் எவரும் கேட்கவில்லை.

உடைந்த வெப்பமானி

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1865இல் நீலத்தின் ஆராய்ச்சியில் இறங்கினார். 1880இல் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1883இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார். ஆனால் அவருடைய வழியில் செய்த நீலம் செடியின் நீலத்தைவிட விலை அதிகம். 1890இல் சூரிச்சில் கார்ல் ஹாய்மன் வேறு வழி கண்டார். அதற்கும் ஒரு தடை: தொடக்கப் பொருளை மலிவாக நாப்தலீனிலிருந்து பெற வேண்டும். நாம் அந்துருண்டையாக அறிந்திருக்கும் அந்த நாப்தலீன் நிலக்கரித் தாரில் ஏராளம். ஆனால் அதைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து மாற்றும் வினை ஆமை வேகத்தில் நடந்தது.

பி.ஏ.எஸ்.எஃப். ஆய்வகத்தில் ஆய்கன் சாப்பர் அந்த அமிலத்தைச் சூடாக்கிக் கொண்டிருந்தபோது வெப்பமானி உடைந்தது.

உள்ளிருந்த பாதரசம் அமிலத்தில் கலந்தது. வினை திடீரென விரைந்தது. பாதரச உப்பு வினையூக்கியாக வேலை செய்தது என்பது பிறகு தெளிவானது. வேதியியல் வரலாற்றில் இந்த விபத்து புகழ்பெற்றது. ஆனால் விபத்தை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது. அந்த வெப்பமானி உடைந்தபோது அருகில் அதைப் புரிந்துகொள்ளும் ஆள் இருந்தார். அவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்த ஒரு நிறுவனம் இருந்தது. நீலத்துக்காக பி.ஏ.எஸ்.எஃப். செலவிட்டது சுமார் 1.8 கோடி தங்க மார்க். அது அந்த நிறுவனத்தின் பங்கு மூலதனத்தையே மிஞ்சிய தொகை. எதிர்க்கரையில், நூற்றாண்டுக் கணக்கில் நீலத்தால் லாபம் கண்ட இந்திய ஏற்றுமதி வணிகமும் காலனிய அரசும் அவுரி ஆராய்ச்சிக்கு அதே காலத்தில் ஒதுக்கியது மிகச் சொற்பம். பீகாரில் ஆராய்ச்சி தொடங்கியபோது ஜெர்மன் நீலம் கப்பலேறிவிட்டது.

விளைவு எண்களில் தெரிந்தது. 1897இல் உலகம் செடிகளிலிருந்து பெற்ற நீலம் சுமார் 19,000 டன். 1914இல் அது சுமார் 1,000 டன்.

அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மன் நீலம் நின்றதும், இந்தியாவில் அவுரி வயல்கள் மீண்டும் பல மடங்கு விரிந்தன. மண்ணும் விதையும் தொட்டி வேலையறிந்த கைகளும் அப்படியே இருந்தன. நீலத்தின் சுமையைத் தாங்கிய பீகாரின் சம்பாரண் உழவர்களிடம்தான் 1917இல் காந்தி போய்ச் சேர்ந்தார். போர் முடிந்ததும் வயல்கள் மறுபடி சுருங்கின. கிடைத்த அந்த இடைவெளியை யாரும் செடியை முழுமையாக ஆராயப் பயன்படுத்தவில்லை. விலை ஏறியபோது விதைத்தார்கள், இறங்கியபோது உழுதுபோட்டார்கள்.

ஆலை நீலமும் செடி நீலமும் ஒன்றுதானே?

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ஆலை நீலத்துக்கும் செடி நீலத்துக்கும் மூலக்கூறு ஒன்றே. அது தூய்மையானது, எப்போதும் ஒரே தரம், விலையும் குறைவு. அப்படியிருக்க, எத்தனை ஆராய்ச்சி செய்திருந்தாலும் செடி தோற்றுத்தானே இருக்கும்?

சாயச் சந்தையை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு சரி. நீல விகிதம் என்ற ஒரே அளவுகோலில் செடி ஆலையை வெல்ல வழியே இல்லை. அதனால்தான் அளவுகோலைக் கேள்வி கேட்கிறேன். இதற்குச் சான்று நம் பால்மரமே.

1925இல் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. பி.ஏ.எஸ்.எஃப்., பேயர், ஹோக்ஸ்ட் முதலான ஜெர்மன் நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஐ.ஜி. ஃபார்பன் உருவானது. அவுரியை வீழ்த்திய அதே வீடு அடுத்ததாகச் செயற்கை ரப்பரில் இறங்கி, 'பூனா' ரப்பரைக் கொண்டுவந்தது. அதே 1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது விதித்த தீர்வையே அதன் வருவாய். தாக்குதல் முழுவீச்சில் வருமுன்பே மரத்தின் பக்கம் ஓர் ஆய்வகம் நின்றுவிட்டது.

தாக்குதல் வந்தது. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் மேற்குலகுக்கு ரப்பர் நின்றது. அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டி, 1944இல் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் செய்து தள்ளியது. போர் முடிந்தபோது பால்மரத்தின் கதையும் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. கழகம் ஒட்டுக்கன்று ரகங்களைத் தேர்ந்து விளைச்சலைப் பழைய மரங்களைவிடச் சில மடங்கு உயர்த்தியது. 1965இல் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய முறைக்கு மாற்றாக, ரப்பரில் என்ன இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து சான்றளிக்கும் தர முறையை மலேசியா அறிமுகப்படுத்தியது. வாங்குபவர் எதிர்பார்க்கும் நம்பகத்தை ஆலைச் சரக்கைப் போலவே மரச் சரக்கும் தந்தது. இன்றும் உலகம் பயன்படுத்தும் ரப்பரில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மரத்திலிருந்தே வருகிறது.

ரப்பர் வேறு, நீலம் வேறு என்று சொல்லலாம். இயற்கை ரப்பருக்கு இழுவலிமை உண்டு. சுழலும்போது குறைவாகச் சூடேறும். விமானச் சக்கரம் அதை இன்றும் கேட்கிறது. நீலத்துக்கு அப்படி ஒரு தனிச் சிறப்பு ஏது? இந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ரப்பரின் தனிச் சிறப்புகள் தாமாக வந்து சந்தையில் நிற்கவில்லை. அளந்து, எழுதி, நிரூபித்து நிறுத்தினார்கள். அவுரிக்கும் தனிச் சிறப்பு இருந்தது. அது நீலத்தில் இல்லை. நீலத்தோடு கூட வந்த சிவப்பில் இருந்தது. அதன் பயனை அளக்க எவரும் முன்வரவில்லை என்பதே இரண்டு பயிர்களுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு.

அறிவியல் மரத்தைக் காத்தது, மக்களை?

இன்னொரு மறுப்பைத் தஞ்சோங் மாலிம் வட்டாரத்துப் பழைய தோட்ட மக்களே எழுப்பக்கூடும். அதற்கு எல்லா உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆராய்ச்சிக் கழகம் பால்மரத்தைக் காத்தது சரி. பால்மரம் சீவியவரைக் காத்ததா? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தன. பின்னர் செம்பனை வந்தது; வீடமைப்புத் திட்டங்கள் வந்தன; தஞ்சோங் மாலிமில் 2003இல் புரோட்டோன் கார் ஆலை இயங்கத் தொடங்கியது. லயங்கள் மறைந்தன.

இது என் வாதத்தை உடைக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை கட்டுகிறது. அறிவியல் பயிரைக் காக்கும். பயிரின் பலன் யாருக்குச் சேரும் என்பதை உடைமையும் அமைப்பும் முடிவு செய்யும். அதை நன்கு உணர்ந்தவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சிறு பங்குப் பணத்தைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கவைத்தார். அவுரியைப் பயிரிட்ட தென்னாற்காட்டுக் குடியானவருக்கு ஆய்வகமும் இல்லை, கூட்டுறவும் இல்லை.

அவுரி வீழ்ந்ததால்தான் தமிழர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள் என்று யாரேனும் சொன்னால் அது மிகை. நிலமின்மை, கடன், சாதிக் கொடுமை, 1876-78 பெரும் பஞ்சத்தின் நெடிய நிழல், 1907இல் அரசே அமைத்த தமிழர் குடியேற்ற நிதி, கங்காணியின் முன்பணம் ஆகியவை சேர்ந்தே மக்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் தள்ளின. ஆனால் ஒரு மாவட்டத்தில் ரொக்கப் பணம் தந்த பயிர் சரியும்போது, அறுவடைக்கும் தொட்டி வேலைக்கும் போய்க் கூலி கண்ட கைகள் சும்மா நிற்கின்றன. கங்காணியின் பேச்சு அந்தக் கைகளுக்கு இன்னும் எளிதாகக் கேட்டிருக்கும். இந்த அளவுக்குச் சொல்லலாம்.

கசடுக்குள் கிடந்த சிவப்பு

இனி திருப்புமுனைக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் அவுரி சாயச் செடியாக மட்டும் இருந்ததில்லை. இலையும் வேரும் நஞ்சு முறிவுக்கும் மஞ்சள் காமாலைக்கும் சொல்லப்பட்டன. கேரளத்து மருத்துவ மரபில் அவுரியும் கரிசலாங்கண்ணியும் சேர்ந்த நீலிபிருங்காதித் தைலம் இன்றும் கூந்தலுக்குப் புகழ்பெற்றது. சீன மருத்துவத்தில் நீலச் செடிகளிலிருந்து எடுக்கும் 'சிங்தாய்' என்னும் தூள் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தத் தூள் அடங்கிய பதினொரு சரக்குக் கூட்டு மருந்து ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன ஆய்வாளர்கள் ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. பதினொன்றில் எது வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். சிங்தாய் என்று தெரிந்தது. சிங்தாயில் எது என்று தேடினார்கள்.

நீலம் அல்ல. சிவப்பு.

லண்டன் தரகர்கள் விலை குறைக்கக் காரணம் காட்டிய கசடுகளில் ஒன்றான இண்டிரூபினே அது. செல்கள் பிரிந்து பெருகும் வேலையை நடத்தும் சில நொதிகளை அது தடுக்கிறது என்று 1999இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சாயத்துக்கு உகந்தது நீலம் மட்டுமே உள்ள தூய ஆலைத் தூள். மருந்துக்கு உகந்தது ஊறலிலும் கலக்கலிலும் பலவும் சேர்ந்து பிறந்த செடித் தூள். நூறாண்டுகள் குறை என்று கணக்கெழுதப்பட்டது இங்கே கைமுதலாகிறது.

முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், அறிவியல் பின்னால் வந்து தலையசைத்தது என்று இதைக் கொண்டாடத் தோன்றும். அந்தக் கொண்டாட்டம் ஆபத்தானது. ஜப்பானில் பெருங்குடல் புண் நோயாளிகள் 86 பேரிடம் சிங்தாய்த் தூளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பலன் கிடைத்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் ஏழில் ஒருவருக்கே பலன். வியக்கத்தக்க வேறுபாடு. ஆனால் அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சோதனைக்கு வெளியே, தாமாகவே இந்தத் தூளை வாங்கி உண்டவரிடம் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்த நோய் தோன்றியதே காரணம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். 2016 இறுதியில் ஜப்பானிய சுகாதார அமைச்சு எச்சரிக்கை விடுத்தது.

ஒரே தூள் குணப்படுத்தவும் செய்தது. நெஞ்சுக்குள் இரத்தக்குழாய்களை இறுக்கவும் செய்தது. மரபு நமக்குச் செடியைக் காட்டித் தந்தது. எந்த அளவில், எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்பவற்றை அளந்து சொல்வது இன்றைய அறிவியலின் கடமை. நஞ்சு முறிவு என்ற பெயரை நம்பிப் பாம்புக்கடிக்கு அவுரியைத் தேடுவதும் கூடாது. செம்பனைத் தோட்டத்தில் கடிபட்டவருக்கு வேண்டியது மருத்துவமனையில் உள்ள விஷமுறி ஊசி. மலேசியாவில் பதிவு பெற்ற மரபு மருந்துப் பெட்டியில் 'டி' எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். அந்தப் பதிவு பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத் தரப்படுவது. நோய் தீரும் என்பதற்கான சான்றிதழ் அது அல்ல.

இந்த வாரத்தின் தீர்ப்பு

அவுரியை வீழ்த்தியது உடைந்த வெப்பமானி மட்டும் அல்ல. ஒரு செடியில் விலைபோகும் ஒன்றை மட்டும் எண்ணி, மற்றதை எண்ணாமல் விட்டவர்களும் அதில் பங்காளிகள். பால்மரத்துக்குக் கிடைத்த ஆராய்ச்சிக் கழகம் முப்பது ஆண்டுகள் முன்னதாக அவுரிக்குக் கிடைத்திருந்தால், சாயச் சந்தையை அது காத்திருக்காது. ஆனால் தொட்டியில் பிறந்த அந்தச் சிவப்பு பல பத்தாண்டுகள் முன்பே மருத்துவரின் மேசைக்கு வந்திருக்கக்கூடும். தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் விளைகிறது. சாயத்துக்கும் கூந்தல் பொடிக்கும் விலைபோகிறது. நம் நாட்டில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் மூலிகைகளை ஆராய்கிறது. தஞ்சோங் மாலிமிலேயே 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவுரியை முழுச் செடியாக அளக்க இடமும் கருவியும் நம் அருகிலேயே உள்ளன.

ஆனால் குணமும் கேடும் ஒரே தூளில் கலந்திருக்கும்போது, குணத்தை மட்டும் பிரித்தெடுத்த வேதியியலாளர் அதற்குக் காப்புரிமை கேட்டால், அந்தச் செடியைத் தலைமுறைகளாக வளர்த்துக் காத்த உழவருக்கும் வைத்தியருக்கும் அதில் பங்கு உண்டா?

அடுத்த வாரம் பார்ப்போம்.